பிறந்த குழந்தைக்கு முதல் நாளே ஓ.ஏ.இ. செவிப் பரிசோதனை பார்த்தால் நிறைய 'ரெஃபர்': எத்தனை மணி நேரம் பொறுக்கலாம்?

வார்டு-செவிலி:
பிறந்த குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று பார்க்க எங்கள் பிரசவ வார்டில் இருப்பது ஓ.ஏ.இ. (உட்காதின் எதிரொலியை அளக்கும்) கருவி ஒன்றுதான். சுகப்பிரசவம் என்றால் இரண்டாம் நாள் டிஸ்சார்ஜ், சிசேரியன் என்றால் ஐந்தாம் நாள். பிறந்து 12–18 மணி நேரத்தில் பார்த்தால் 'ரெஃபர்' (தேறவில்லை, மறுபடி பார்க்க வேண்டும்) குவிகிறது, பெற்றோர் பதறுகிறார்கள். தள்ளிப் போட்டால் சிலர் பார்க்காமலே கிளம்பிவிடுகிறார்கள். எந்த நேரம் சரி? 'ரெஃபர்' வந்தால் அங்கேயே எத்தனை முறை திரும்பப் பார்க்கலாம்?

ஒலிமானி:
முதல் நாளில் காதுத்துளைக்குள் வெண்பூச்சும் நடுக்காதில் நீரும் இருக்கும். ஓ.ஏ.இ.-யில் ஒலி உள்ளே போவதோடு, உட்காதின் மயிர்செல்கள் தரும் மெல்லிய எதிரொலி அதே வழியாக வெளியே வரவும் வேண்டும். அடைப்பு அதை இரண்டு முறையும் தடுக்கிறது. 24 மணி நேரம் கடந்தால் நிலைமை தேறும், 48-க்கு அருகில் இன்னும் நல்லது. சிசேரியன் குழந்தைக்கு நீர் வடியச் சற்றுக் கூடுதல் நேரமாகும், அவர்களை மூன்றாம் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சுகப்பிரசவத்துக்கு டிஸ்சார்ஜ் அன்று காலை, சீட்டு எழுதுவதற்கு முன்.

பால் குடித்துத் தூங்கும்போது, மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். காது மடலை மெல்லக் கீழும் பின்னுமாக இழுத்து ப்ரோபை (காதில் வைக்கும் கருவிமுனை) அதன் மென்மையான டிப்போடு இறுக்கமாகப் பொருத்துங்கள். 'ரெஃபர்' வந்தால் முதலில் ப்ரோபை வெளியே எடுத்து நுனியைப் பாருங்கள். பாதி நேரம் வெண்பூச்சு அங்கேதான் ஒட்டியிருக்கும். துடைத்து, வேறு அளவு டிப் போட்டு இன்னொரு முறை பார்க்கலாம். அதோடு நிறுத்துங்கள். 'பாஸ்' வரும்வரை அழுத்திக்கொண்டே இருந்தால், குறையுள்ள காதும் தற்செயலாக ஒருநாள் 'பாஸ்' ஆகிவிடும்.

நரம்புவழி:
மேலே சொன்னது வார்டில் தாயோடு இருக்கும் குழந்தைக்கு மட்டும். என்.ஐ.சி.யூ.-வில் (பச்சிளம் குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு) 5 நாளுக்கு மேல் இருந்த குழந்தைக்கும், மஞ்சள் காமாலை ஏறி ரத்தம் மாற்றிய குழந்தைக்கும் ஓ.ஏ.இ. போதாது. மயிர்செல் நன்றாக இருந்து செவிநரம்பு பழுதாகியிருந்தால் ஓ.ஏ.இ. 'பாஸ்' என்றே காட்டும். இவர்களுக்கு ஏ.ஏ.பி.ஆர். (ஒலிக்குச் செவிநரம்பும் மூளைத்தண்டும் தரும் மின்னலையைத் தானாகப் பார்க்கும் ஸ்கிரீனிங்) வேண்டும், கருவி இல்லையென்றால் இருக்கும் இடத்துக்கு எழுதி அனுப்புங்கள். ஏ.ஏ.பி.ஆர்.-இல் 'ரெஃபர்' ஆன குழந்தையை ஓ.ஏ.இ. பார்த்து 'பாஸ்' போட்டு அனுப்புவதும் அதே தவறுதான். இதைப் பல இடங்களில் செய்கிறார்கள்.

வார்டு-செவிலி:
நன்றி. ஒரு காது மட்டும் 'ரெஃபர்' என்றால்? தாய்வீட்டுக்குப் போகிறவர்கள் எப்படியும் ஒன்றரை மாதத் தடுப்பூசிக்கு வருவார்கள், அன்றே மறுபரிசோதனை வைத்துக்கொள்ளலாமா?

ஒலிமானி:
மறுமுறை இரண்டு காதையும் பாருங்கள். தடுப்பூசி நாள் கடைசி வாய்ப்பாக இருக்கட்டும், முதல் தேதியாக வேண்டாம். கணக்கு இதுதான்: 1 மாதத்துக்குள் ஸ்கிரீனிங், 3 மாதத்துக்குள் முழு ஏ.பி.ஆர். (அதே மின்னலையை விரிவாக அளக்கும்) பரிசோதனையில் உறுதி, 6 மாதத்துக்குள் செவிப்பொறி, பயிற்சி. மூன்று மாதக் குழந்தை பால் குடித்ததும் தானே தூங்கிவிடும். ஆறு மாதம் தாண்டினால் முழு ஏ.பி.ஆர்.-க்குப் பெரும்பாலும் தூக்கமருந்து தேவைப்படும். டிஸ்சார்ஜ் சீட்டில் பிக்மி எண்ணோடு (அரசின் கர்ப்பப் பதிவு எண்) தாய்வீட்டுத் தொலைபேசி எண்ணையும் எழுதி வாங்குங்கள்.

நரம்புவழி:
இன்னொரு கெடுவும் இருக்கிறது. 'ரெஃபர்' ஆன குழந்தைக்கு, காதுகேளாமை உண்டாக்கக்கூடிய பிறவி சைட்டோமெகலோ வைரஸ் தொற்றா என்று பார்க்க, சிறுநீர் அல்லது உமிழ்நீர் மாதிரியைப் பிறந்த 21 நாளுக்குள் எடுக்க வேண்டும். அதன்பின் வந்த பாசிட்டிவ், கருவிலேயே வந்ததா பிறந்தபின் ஒட்டியதா என்று பிரிக்க முடியாது. ஆகவே மறுபரிசோதனையை 10–14ஆம் நாளுக்கு வைத்தால் குழந்தைகள் மருத்துவருக்கும் அவகாசம் கிடைக்கும்.

'பாஸ்' ஆனாலும், குடும்பத்தில் சிறுவயதுக் காதுகேளாமை இருந்தாலோ என்.ஐ.சி.யூ.-வில் 5 நாளுக்கு மேல் இருந்திருந்தாலோ, 9 மாதத்துக்குள் முழுப் பரிசோதனைக்கு ஒரு தேதி எழுதிக் கொடுத்துவிடுங்கள். மூளையுறைக் காய்ச்சல் (மெனிஞ்சைட்டிஸ்) வந்த குழந்தைக்கு அவ்வளவு நாள் கூடாது. அந்தத் தொற்றால் உட்காது எலும்பாகி இறுகிவிட்டால், அங்கே அறுவை செய்து வைக்கும் காக்ளியர் கருவியைப் பொருத்துவது கடினம். குணமான உடனே அனுப்புங்கள்.