வரப்போகும் மாற்றத்தை அரசு முன்கூட்டியே உணர முடியுமா?

கேள்வி (திருப்பூர்):
பல்லாண்டுகள் நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலந்து, ஒரத்துப்பாளையம் அணைநீர் பாசனத்துக்கே உதவாமற்போன பின், 2011இல் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது, எங்கள் பட்டறையில் பாதி சாயமேறிய துணி தொட்டியிலேயே கிடந்தது. அடுத்த மாற்றத்தையாவது அரசு முன்னரே உணர வழி உண்டா?

பதில் (கோவை):
உண்டுங்க ஐயா. பின்லாந்து நாடாளுமன்றத்தில் 1993 முதல் எதிர்காலத்துக்கென்றே ஒரு குழு இயங்குகிறது. ஆரூடம் சொல்வது அதன் வேலையன்று. அரசு அளிக்கும் எதிர்கால அறிக்கையை ஆராய்ந்து நாடாளுமன்றத்தின் மறுமொழியை அது எழுதுகிறது.

பதில் (பெருந்துறை):
குழு மட்டும் போதாது. எந்த இயந்திரம் வாங்குவதென்று கட்டளையிடாமல், ஆற்றில் ஒரு சொட்டுக் கழிவும் விழக்கூடாதென்ற இலக்கு வந்த பிறகே சவ்வூடு வடிகட்டலும் (கழிவுநீரை நுண்ணிய சவ்வு வழியே செலுத்தித் தூய்மையாக்குவது) அந்நீரிலிருந்து உப்பு மீட்பும் இங்கே வேரூன்றின. அந்த இலக்கை இன்னும் முன்பே அறிவித்து, சில பட்டறைகளில் சோதித்து, போதிய அவகாசமும் கடனும் தந்திருந்தால், உங்கள் துணி தொட்டியில் கிடந்திருக்காது என்றே நம்புகிறேன்.

கேட்டவர்:
நன்றிங்க. எங்களுக்கு அன்று கிடைக்காதது அந்தப் போதிய அவகாசம்தான்.