எல்பி வேகத்தில் பதிந்த விஎச்எஸ் நாடா: ஒலி பிந்துகிறது, உதவி தேவை

2004-இல் பிரிட்டனின் ஐடிவியில் வந்த 'ஹெல்ஸ் கிச்சன்' முதல் பருவத்தை, அதாவது கோர்டன் ராம்சேயின் கீழ் பத்துப் பிரபலங்கள் இரண்டு வாரம் உணவகம் நடத்தி, இறுதியில் ஜெனிஃபர் எலிசன் வென்ற போட்டியை, அப்போது லண்டனில் எங்கள் வீட்டில் பதிந்து வைத்திருந்த நாடாக்களிலிருந்து கணினிக்கு மாற்றி வருகிறேன். நாடா ஈ-180 (வழக்கமான வேகத்தில் மூன்று மணி நேரம் பிடிப்பது), பால் (PAL) எனும் தொலைக்காட்சி ஒளிபரப்பு முறை, எல்பி வேகம் (நாடாவைப் பாதி வேகத்தில் ஓட்டி இருமடங்கு நேரம் பதிவது). நாடாவை ஓட்டும் பழைய விசிஆரை, படத்தைக் கணினிக்குள் வாங்கும் மலிவான யூஎஸ்பி கேப்ச்சர் கருவி வழியாக ஓபிஎஸ் மென்பொருளில் பதிகிறேன்.

தொடக்கத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது. அரைமணி நேரம் கடந்ததும் ராம்சே வாயை மூடிய பிறகுதான் அவருடைய வசவு கேட்கிறது. படத்தின் மேல்விளிம்பும் வளைந்து ஆடுகிறது.

விசிஆரின் ஹெட்டைத் துடைத்தேன், வேறு கணினியில் பதிந்தேன், ஒலியை 48 கிலோஹெர்ட்ஸாக வைத்தேன். பலனில்லை. பிந்துதல் சீராக இல்லாமல், படம் குதிக்கும் இடங்களில் திடீரெனக் கூடுவதால், பின்னர் ஆடாசிட்டி என்னும் ஒலித்திருத்த மென்பொருளில் ஒலியைச் சுருக்கியும் பொருந்தவில்லை. எஸ்பி என்னும் வழக்கமான வேகத்தில் பதிந்த நாடாக்களோ இதே இணைப்பில் ஒழுங்காக ஓடுகின்றன.

விசிஆருக்கும் கேப்ச்சர் கருவிக்கும் இடையே பழைய டிவிடி ரெக்கார்டர் ஒன்றை இணைத்துப் படச் சமிக்ஞையைச் சீராக்கினால், எல்பி நாடாக்களில் இந்தச் சிக்கல் தீருமா?