பொறுத்துப் போவதுதான் சாட்சியா? ஓவர்டைம் ரெஜிஸ்டர் பற்றி ஒரு கேள்வி

போச்சம்பள்ளிக்காரன்:
கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் சூப்பர்வைசராக இருக்கிறேன், ஆலை பெயர் வேண்டாம். சீசனில் பெங்களூரா மாம்பழ லோடு ராத்திரி பகல் பார்க்காமல் வந்து இறங்கும். பழம் கழுவிப் பிரிக்கிற பெண்கள் 8 மணி நேர வேலை என்று வந்து 12 மணி நேரம் நிற்பார்கள், மாம்பால் பட்டு விரலிடுக்கெல்லாம் வெந்து போயிருக்கும். இந்த சீசனில் எல்லாருக்கும் 8 மணி நேரம் என்றே ரெஜிஸ்டரில் போடச் சொன்னார்கள். சண்டை எதுவும் போடவில்லை, "நின்ற நேரத்தைத்தான் சார் எழுதுவேன்" என்றேன், அவ்வளவுதான். ரெஜிஸ்டர் வேறு ஆளிடம் போய்விட்டது, என்னை ராத்திரி ஷிப்டில் லாரி இறக்குகிற இடத்தில் போட்டுவிட்டார்கள். "அல்லேலூயா வர்றார், பார்த்துப் பேசுங்கப்பா" என்று கிண்டல் வேறு.

எத்தனை துன்பம் வந்தாலும் தாங்கிக்கொண்ட பைபிள் யோபுவைப் போலப் பொறுத்திரு, வாயைத் திறக்காதே, அதுதான் சாட்சி, நம் விசுவாசத்தை நடத்தையில் காட்டுவது என்கிறார் சபை மூப்பர். மனைவியோ இந்த வேலையை விட்டுவிட்டு ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் பார்க்கச் சொல்கிறாள். என் பாட்டைப் பற்றி எனக்குப் பெரிய வருத்தமில்லை. ஆனால் அந்தப் பெண்களுக்கு இன்னும் 8 மணிதானே எழுதுகிறார்கள், நான் வாயை மூடிக்கொண்டு பொறுப்பதால் அவர்களுக்கு என்ன கிடைக்கும்?

ஓசூர், ஞாயிறு பள்ளி டீச்சர்:
பிரதர், மூப்பர் ஐயா சொன்ன யோபின் பொறுமை பைபிளில் யாக்கோபு 5:11இல் வருகிறது. அதே அதிகாரத்தில் ஏழு வசனம் மேலே போய்ப் பாருங்கள். வயலை அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்து வைத்த கூலி கூக்குரல் போடுகிறது, அது கர்த்தருடைய காதில் விழுந்துவிட்டது என்கிறார் யாக்கோபு. முதலில் பணக்காரர்களை வெளுத்து வாங்கிவிட்டு, அதற்கப்புறம்தான் சகோதரரைப் பார்த்துப் பொறுமையாயிருங்கள் என்கிறார். நாம் 11ஐ மனப்பாடம் செய்கிறோம், 4ஐத் தாண்டிப் போய்விடுகிறோம் (பிரசங்கத்தில் கூட அபூர்வமாகத்தான் கேட்டிருக்கிறேன்).

1 பேதுரு 2:20இலும் பாராட்டு கிடைப்பது நன்மை செய்து பாடுபடுகிறவனுக்கு. குற்றம் செய்து அடி வாங்குவதில் என்ன கீர்த்தி என்று அவரே கேட்கிறார். இன்றைய துருக்கியில் பொந்து, கலாத்தியா, பித்தினியா என்று சிதறிக் கிடந்த கொஞ்சம் பேருக்கு எழுதிய கடிதம் அது, அந்த இடத்தில் அவர் பேசுவது வீட்டு வேலைக்காரர்களோடு. மனு கொடுக்க அவர்களுக்கு ஒரு ஆபீஸ் இருந்ததா என்ன?

அதே பித்தினியாவுக்கு ஆளுநராக வந்த பிளினி கி.பி. 112 வாக்கில் ரோமப் பேரரசர் டிராஜனுக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்தக் கிறிஸ்தவர்கள் கூடி என்னதான் செய்கிறார்கள் என்று விசாரித்தால், திருட மாட்டோம், வாக்கு மீற மாட்டோம், நம்பி ஒப்படைத்ததைக் கேட்கும்போது இல்லை என்று சொல்ல மாட்டோம் என்று உறுதி எடுக்கிறார்களாம். அதையும் எழுதிவிட்டு, கிறிஸ்துவை மறுதலிக்காதவர்களைக் கொல்ல அனுப்பியதையும் அதே கடிதத்தில் எழுதுகிறார். நல்லபடி நடந்தால் தொந்தரவு வராது என்று யாரும் சொல்லவில்லை. உங்களை நம்பி ஒப்படைத்தது ஒரு ரெஜிஸ்டர். அதில் பொய் எழுதாமல் இருந்தீர்கள், அந்த அளவுக்கு மனதைப் போட்டு வருத்திக்கொள்ளாதீர்கள்.

தர்மபுரி, பழைய யூனியன் ஆள்:
டீச்சர் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிலிப்பி சிறையில் நடுராத்திரி பாட்டுப் பாடினவரும் அப்போஸ்தலர் பவுல்தான், விடிந்ததும் "ரோமக் குடிமக்களான எங்களை விசாரிக்காமல் அடித்துவிட்டு ரகசியமாக அனுப்பப் பார்க்கிறீர்களா, அடிக்கச் சொன்ன அதிகாரிகளே வந்து கூட்டிக்கொண்டு போகட்டும்" என்று சட்டம் பேசினவரும் அவர்தான். அப்போஸ்தலர் 16, படித்துப் பாருங்கள்.

ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் என்பது 1948ஆம் வருட தொழிற்சாலைச் சட்டத்திலிருந்தே வருகிறது, யாரும் தருமம் செய்யவில்லை. ஆனால் தம்பி, ஒன்று சொல்கிறேன், அந்தப் பெண்களைக் கேட்காமல் நீங்களாகப் போய் எதுவும் செய்யாதீர்கள். நீங்கள் நல்ல பேர் வாங்கிக்கொண்டு போய்விடுவீர்கள், அடுத்த சீசனுக்கு அவர்கள் ஊருக்கு வேன் வராது. அவரவர் வந்த நேரம், போன நேரத்தை அவரவரே தினம் குறித்து வைக்கட்டும், கையெழுத்து தெரியாதவர்களுக்கு யாராவது எழுதிக் கொடுங்கள். பிறகு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கலாம், தொழிலாளர் துறைக்கும் ஒரு நகல்.

காவேரிப்பட்டணம் மாந்தோப்பு:
நான் கிறிஸ்தவன் இல்லை, வசனமெல்லாம் தெரியாது. எங்கள் பழமும் ஆலைக்குத்தான் போகிறது. லோடு இறக்கும்போது யார் நிற்கிறார் என்றுதான் முதலில் பார்ப்போம், ஏனென்றால் கழிவு பிடிப்பது அவர் கையில் இருக்கிறது. நல்ல பழத்தையும் அழுகல் கணக்கில் தள்ளினால் அன்றைக்கு டீசல் காசு கூட மிஞ்சாது. எங்கள் ஊரில் ஒருத்தர் வண்டி முன்னாடி வசனம் ஒட்டிக்கொண்டு வட்டிக்கு விடுகிறார், என்ன வட்டி என்று கேட்காதீர்கள். உங்களை லாரி பக்கம் தள்ளினது மேனேஜருக்குத் தண்டனையாகத் தெரியலாம், எங்களுக்கு அது லாபம்தான் அண்ணே, அங்கேயே இருங்கள்.

போச்சம்பள்ளிக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. நேற்று ஷிப்ட் மாறும்போது அந்தப் பெண்களில் மூத்த அக்காவிடம் பேசினேன். சிரித்துவிட்டு மகனுடைய பழைய பள்ளி நோட்டை எடுத்துக் காட்டினார், சீசன் தொடங்கினதிலிருந்து தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறார், கூட வேலை செய்கிறவர்களுடைய நேரமும் அதில் இருக்கிறது. கடைசி வாரக் கூலி கைக்கு வந்தபிறகு மனு கொடுக்கலாம் என்பது அவர்கள் முடிவு. நான் கையெழுத்துப் போடத் தயார் என்று சொல்லியிருக்கிறேன், தேவையா இல்லையா என்று அவர்கள் பேசிச் சொல்வார்கள். மூப்பரிடம் இன்னும் பேசவில்லை. வீட்டில் இன்னும் சிப்காட் பேச்சுதான்.