அப்பாவுக்கு ஞாபக டெஸ்ட்: என்ன கேப்பாங்க?

செல்லூர்க்காரன்:
அப்பாவுக்கு வயசு 74. கீழமாசி வீதி பலசரக்குக் கடையில கணக்கு எழுதுனவரு. இப்ப சுகர் மாத்திரையப் போட்டுட்டு, போடலைன்னு மறுபடியும் போடுறாரு. டாக்டர் டெஸ்ட்டுக்கு வரச் சொல்லிருக்காரு. "என்னயப் பைத்தியம்னு முடிவு பண்ணிட்டீகளா"ன்னு ஒரே சத்தம். அங்க என்னதான் கேப்பாங்க?

திருமங்கலத்து அக்கா:
தம்பி, எங்க அத்தைக்குப் பாத்தோம். தேதி, கிழமை, ஊரு பேரு, 100-லருந்து ஏழேழாக் கழிக்கிறது. மூணு வார்த்தை சொல்லி, செத்த நேரங்கழிச்சுத் திருப்பிக் கேப்பாங்க. கடிகாரம் வரையச் சொன்னப்ப அத்தை எல்லா நம்பரையும் வலப்பக்கமே நெருக்கிட்டாக. மொத்தம் 30 மார்க்கு. ஆனா மார்க்கு மட்டும் வச்சு முடிவு பண்ண மாட்டாங்க. படிப்பு கம்மின்னா முன்னாடியே சொல்லிரணும்.

மாட்டுத்தாவணி மாமா:
வைட்டமின் பி12, தைராய்டு ரத்த டெஸ்ட்டும் எடுக்கச் சொல்லுவாங்க. அதுல கோளாறுன்னாலும் மறதி வரும், மருந்துல தேறவும் வாய்ப்பிருக்கு. மாத்திரை அட்டை அம்புட்டையும் அள்ளிட்டுப் போங்கப்பு. மூக்குக் கண்ணாடி முக்கியம்.

செல்லூர்க்காரன்:
நன்றிக்கா, நன்றி மாமா. கழித்தல் கணக்குன்னதும் "எனக்கேவா?"ன்னு சட்டையத் தேடுறாரு. திங்கட்கிழமை போறோம்.