தீபாவளிக்கு ஊருக்குப் போகாதவர்களின் அணி

என் அப்பா நாற்பது ஆண்டுகள் கோலாலம்பூரின் செந்தூலில் வாழ்ந்தார். கடைசிவரை பேராக் மாநிலக் காற்பந்து அணிக்குத்தான் கைதட்டினார். அங்கே சுங்கை சிப்புட் தோட்டத்தில் பிறந்தவர் வேறு எப்படி இருப்பார்? பக்கத்து வீட்டுக்காரர் கெடா, மச்சான் நெகிரி செம்பிலான். கோலாலம்பூரில் எந்த ஒட்டுக்கடையில் உட்கார்ந்து காற்பந்து பேசினாலும் கோலாலம்பூர் அணியைத் தவிர எல்லா அணிக்கும் ஆள் இருக்கும். நான் இங்கேயே பிறந்தவன். பண்டிகைக்குப் புறப்பட்டுப் போக எனக்கு வேறு ஊர் கிடையாது. அதனால்தான் இந்த அணியைப் பிடித்துக்கொண்டேன்.

செராஸ் அரங்கில் காலி இருக்கைகளுக்கு நடுவே உட்கார்ந்து பழகியவர்கள் நாங்கள். 2019இல் அணி மலேசியாவின் முதல்நிலைப் போட்டியான சூப்பர் லீக்கிலிருந்து கீழே இறங்கியது. 2017இல் வந்த பிரேசில்காரர் பாவ்லோ ஜோசுவே அப்போதும் எங்களை விட்டுப் போகவில்லை. அந்த ஒன்றுக்காகவே அவரை என் வீட்டுப் பிள்ளையாக நினைக்கிறேன். 2020இல் இரண்டாம்நிலை லீக்கில் மூன்றாம் இடம் பிடித்து மறுபடி மேலே ஏறினோம். அடுத்த ஆண்டே மலேசியக் கிண்ண இறுதியாட்டம்!

2021 நவம்பர் 30, புக்கிட் ஜாலில் அரங்கம். எதிரே ஜொகூர் அணியான ஜேடிதி. தொடர்ந்து எட்டு முறை லீக் பட்டம் வென்ற அணி. நாங்கள் தோற்றுவிடுவோம் என்று எங்கள் வீட்டிலேயே முடிவு கட்டியிருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் முகக்கவசத்தோடு, கைகளைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருந்தார். முதல் பாதி முழுவதும் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டாம் பாதியில் ஜஃப்ரி யஹ்யா கோல் அடித்தார். பக்கத்தில் இருந்தவர் அசையவில்லை. சற்று நேரத்தில் ஜோசுவே இரண்டாவதைப் போட்டார். அப்போதுதான் அந்தப் பெரியவர் என் கையைப் பற்றினார். ஆட்டம் முடியும்வரை விடவில்லை. என் விரல்கள் மரத்துப்போயின.

"தம்பி, 89இல் மெர்டேக்கா அரங்கில் இருந்தேன். மூன்று ஆண்டு தொடர்ந்து கெடாவை வென்று கிண்ணத்தைத் தூக்கினோம். அப்போது என் மகனுக்கு ஆறு வயது. அவனைத் தோளில் வைத்திருந்தேன்" என்றார்.

மகன் இப்போது எங்கே என்று கேட்டேன். சிங்கப்பூரில் வேலையாம். அங்கிருந்து தொலைபேசியில் அழைத்தவரிடம், "ஜெயித்துவிட்டோம் ஐயா, ஜெயித்துவிட்டோம்" என்று அழுதுகொண்டே சொன்னார். முப்பத்திரண்டு ஆண்டுக் காத்திருப்பு அது. எனக்கும் அழுகை வந்துவிட்டது.

மறு ஆண்டு ஆசிய அணிகளுக்கான ஏஎஃப்சி கிண்ணத்தில் கொல்கத்தா வரை போய் மோகன் பகானை 3-1 என்று வென்றார்கள். 90ஆவது நிமிடத்தில் எதிரணி சமன் செய்த பிறகு, காயநேரத்தில் மட்டும் இரண்டு கோல்! அந்த இரவு அந்தப் பெரியவரும் நானும் தொலைபேசியில் கத்திய கத்தலில் என் மகள் விழித்துக்கொண்டாள். அக்டோபரில் அதே புக்கிட் ஜாலிலில் இறுதியாட்டம். ஓமானின் அல்-சீப் எங்களை 3-0 என்று தோற்கடித்தது. மனம் கனத்தது. கிளம்பலாமா என்று அவரிடம் கேட்டேன். "பிள்ளைகள் பதக்கம் வாங்கட்டும், பார்த்துவிட்டுப் போவோம்" என்றார்.

இப்போதெல்லாம் செராஸ் ஆட்டங்களுக்கு அவருக்கும் சேர்த்து நானே டிக்கெட் வாங்குகிறேன். பண்டார் துன் ரசாக் எல்ஆர்டி ரயில் நிலையத்தில், கச்சாங் (வேர்க்கடலை) பொட்டலத்தோடு எனக்கு முன்பே வந்து நிற்பார்.