அகழாய்வில் வயதை அறிய உடைந்த பானை ஓட்டை அளப்பதா, சுற்றியுள்ள மண்ணை அளப்பதா?

சுடுமண்:
வாழிட அகழாய்வில் மண்ணை ஒளித்தூண்டல் ஒளிர்வுக்கு (மணல்மணிகள் கடைசியாக வெயில் கண்ட காலத்தை ஒளி காட்டி அறியும் முறை) அனுப்புவதைவிட, பானை ஓட்டை வெப்ப ஒளிர்வுக்கு (கடைசியாகச் சுட்ட காலத்தைச் சூடாக்கி அறியும் முறை) அனுப்புவதே சரி. சூளையில் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் குவார்ட்ஸ் படிகத்தில் இயற்கைக் கதிர்வீச்சால் அதுவரை தேங்கிய சமிக்ஞை அழிந்து கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும். நமக்கு வேண்டியதும் சுட்ட அந்தக் காலம்தான். மண்ணில் எவ்வளவு வெயில் பட்டதென்று யார் சொல்வது?

மண்ணடுக்கு:
ஓட்டின் வயது அடுக்கின் வயதல்ல. பிற்காலத்தில் யாரோ குழி தோண்டி மேலே வீசிய பழைய ஓடு, புதிய அடுக்கில் கிடக்கும். அரைகுறையாக வெந்த ஓட்டிலோ களிமண்ணின் பழைய சமிக்ஞை மிஞ்சி வயதைக் கூட்டிவிடும். மண்ணிலோ, நல்ல வெயில் பட்டால் குவார்ட்ஸின் வேகமாக அழியும் சமிக்ஞை ஓரிரு நிமிடத்தில் வெளுத்துவிடும், அதாவது பூஜ்யமாகும்.

சுடுமண்:
மிச்சம் இருந்தால் பீடபூமிச் சோதனை காட்டிக்கொடுக்கும். சூடாக்கி அளக்கும்போது ஏறத்தாழ 300 முதல் 400 டிகிரி வரை டோஸ் (தேங்கிய கதிர்வீச்சின் அளவு) ஒரே மட்டமாக ஓடாவிட்டால் அந்த ஓட்டை ஒதுக்குங்கள். உங்கள் மண்ணில் கறையானும் வேரும் மணல்மணிகளை மேலும் கீழும் கலக்கின்றனவே?

மண்ணடுக்கு:
அதற்குத்தான் ஒவ்வொரு மணியையும் தனியே அளக்கும் ஒற்றை மணி அளவீடு. 180–250 மைக்ரான் குவார்ட்ஸை 40% ஹைட்ரோஃபுளூரிக் அமிலத்தில் 40 நிமிடம் அரித்தால் ஆல்பா கதிர் தாக்கிய வெளித்தோல் போகும், ஃபெல்ட்ஸ்பார் கனிமமும் பெரும்பாலும் கரையும். ஒரே டோஸை மறுபடி கொடுத்து அளக்கும்போது விகிதம் 0.9–1.1க்குள் வராத மணிகளைத் தள்ளிவிடுங்கள். மிஞ்சியவை மிகவும் சிதறினால் சராசரி எடுக்கவே கூடாது. ஆனால் சிதறலுக்குக் காரணம் வெளுக்காததா, கலப்பா என்று பார்க்காமல் குறைந்தபட்ச வயது மாதிரியைப் (மிகக் குறைந்த டோஸ் உள்ள மணிகளை வைத்து வயது சொல்லும் கணக்கு) போடுவதும் தவறு. மேலிருந்து இறங்கிய இளம் மணிகளின் வயதே விடையாக வந்து நிற்கும்.

படிகம்:
வயதுக் கணக்கில் வகுக்கும் எண்ணை, அதாவது ஆண்டுதோறும் சேரும் டோஸை, இருவருமே மறந்துவிட்டீர்கள். தேங்கிய டோஸ் 6 கிரே (டோஸின் அலகு), ஆயிரம் ஆண்டுக்கு 3 கிரே என்றால் வயது 2000. நீர் கதிரை உறிஞ்சுவதால், ஈரப்பதம் 20% இருந்த இடத்தில் 10% என்று வைத்தால் சுமார் 200 ஆண்டு குறைத்துச் சொல்கிறோம். காமா கதிர் 30 செ.மீ. ஆரத்திலுள்ள மண்ணிலிருந்து வருகிறது. கழுவி எண் எழுதிப் பெட்டியில் வைத்த ஓட்டுக்கு அந்தக் கணக்கை எங்கே தேடுவது?

சுடுமண்:
அதனால்தான் ஒட்டிய மண்ணோடு கறுப்புப் பையில் போட்டுக் கட்டச் சொல்கிறோம். 10 மி.மீ. தடிமனுள்ள ஓட்டில், சிவப்பு விளக்கின் கீழ் இரு பக்கமும் 2 மி.மீ. அறுத்து நீக்கினால் வெளிச்சம் பட்ட பகுதி போய்விடும். மண்ணிலிருந்து வரும் பீட்டா கதிரும் உள்ளே எட்டாது. அப்புறம் ஆல்பா, பீட்டா இரண்டும் ஓட்டின் சொந்த யுரேனியம், தோரியம், பொட்டாசியம் தருபவை. மண்ணை நம்பியிருப்பது பெரும்பாலும் காமா மட்டுமே.

மண்ணடுக்கு:
டோஸ் கணக்கில் அது வலுவான வாதம். ஆனால் ஓடு அந்த அடுக்குக்கே உரியதா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. ஒரே அடுக்கின் மூன்று ஓடுகள் பிழை எல்லைக்குள் ஒத்துப்போகட்டும், அந்த அடுக்குக்கு மண் மாதிரி தேவையில்லை என்று ஒப்புக்கொள்கிறேன்.