எமுலேட்டரில் ஓடியது, நிஜ மெஷினில் நின்றது: உங்களுக்கும் நடந்ததா?

நீலத்திரை
எண்பதுகளின் வீட்டுக் கணினியான காமடோர் 64-க்கு, சிசி65-ல் (சி மொழியை அந்த மெஷினின் மொழிக்கு மாற்றும் கம்பைலர்) ஒரு பாம்பு விளையாட்டு எழுதினேன். நான் இருப்பது ஜெர்மனியில். வைஸ் எமுலேட்டரிலும் (இன்றைய கணினியில் பழைய மெஷினாக நடிக்கும் மென்பொருள்) என் மெஷினிலும் மூன்று வாரம் ஒரு விக்கல் இல்லாமல் ஓடியது. அமெரிக்காவில் இருக்கும் மச்சானுக்கு அனுப்பி, வீடியோ காலில் உட்கார்ந்தேன். தலைப்பு வந்தது, பாம்பு வந்தது, அப்படியே நின்றுவிட்டது. அவர் மகள் ஜாய்ஸ்டிக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, திரையை விட்டுவிட்டு என்னையே பார்த்தாள். இன்னும் மறக்கவில்லை.

ஒவ்வொரு நகர்வுக்கு முன்னும் ராஸ்டர் (திரையை வரி வரியாக வரையும் கதிர்) 280-ஆவது வரிக்கு வரும்வரை காத்திரு என்று எழுதியிருந்தேன். பால் மெஷினில் (குடிக்கிற பால் இல்லை, ஐரோப்பிய டிவி முறை) 312 வரிகள். அமெரிக்க முறையான என்டிஎஸ்சி-யில் 263தான். வராத பஸ்ஸுக்குக் காத்து நின்றிருக்கிறது பாம்பு.

ரப்பர்விசை
இதில் எமுலேட்டர் என்ன பாவம் செய்தது? எனக்கு எமுலேட்டரிலேயே நடந்தது. 48கே ஸ்பெக்ட்ரம் (அதே காலத்து இன்னொரு வீட்டுக் கணினி), இசட்88டிகே (அதற்கான சி கம்பைலர்). ராத்திரி முழுக்க ஓடிய டெமோ, காலையில் ஒரே ஒரு விசையைத் தட்டியதும் சிதறியது. யாரும் தொடாதவரை ஒன்றுமில்லை! ஐ.ஒய். ரிஜிஸ்டரில் (பிராசஸருக்குள் இருக்கும் சின்ன சேமிப்பிடம்) 23610 என்ற முகவரி இருக்கும் என்று நம்பித்தான் ரோம் (மெஷினோடு வரும் நிரல்) விநாடிக்கு 50 முறை விசைப்பலகையைப் பார்க்கிறது. விசை அழுத்தினால் அதை வைத்தே ஒரு பிட்டை எழுதும். நானோ ஐ.ஒய்.யைக் கம்பைலருக்குத் தாரை வார்த்திருந்தேன். அந்த பிட் என் டேட்டா நடுவில் போய் விழுந்தது.

ஒருமெகா
என் கதை சின்னது: திரையைத் துடைக்க ஆயிரம் கட்டத்துக்கு ஒரு லூப், அது மேலிருந்து கீழே வழிவது கண்ணுக்கே தெரிந்தது. அவ்வளவுதான்.

ஆனால் நீலத்திரை, அடிப்படையிலேயே தப்பு. வரி எண்ணை யாராவது கையால் எழுதுவார்களா? நினைவகத்தில் 678-ஆவது முகவரியைப் பாருங்கள், 0 என்றால் என்டிஎஸ்சி, 1 என்றால் பால். வைஸையும் என்டிஎஸ்சி-க்கு மாற்றி ஓட்டிப் பார்த்திருக்கலாம். அப்புறம், எண்ணிக்கை 255-ஐத் தாண்டாத இடத்தில் இன்ட் (16 பிட் எண்) வேண்டாம், அன்சைன்ட் கேர் (8 பிட் எண்) போடுங்கள். 8 பிட் பிராசஸரான 6502-க்கு 16 பிட் கணக்கு பெரிய சுமை. ஃபங்ஷனுக்குள் இருக்கும் லோக்கல் மாறிகளை ஸ்டாட்டிக் (நினைவகத்தில் நிலையான இடம்) ஆக்குங்கள். வன்பொருள் ஸ்டாக் (தற்காலிக மதிப்புகளை அடுக்கும் இடம்) 256 பைட்தான் என்பதால் சிசி65 தனியாக ஒரு மென்பொருள் ஸ்டாக் வைத்துக்கொண்டு அதில் தேடித் தேடி எடுக்கிறது. ரீகர்ஷன் இருக்கும் (தன்னையே அழைக்கும்) ஃபங்ஷனில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். உள் லூப்பை அசெம்பிளியில் (பிராசஸரின் கட்டளைகளை நேரடியாக எழுதும் மொழி) எழுதுவதே மரியாதை. உண்மையில் முழுவதையுமே...

ரப்பர்விசை
முழுவதையும் அசெம்பிளியில் எழுதினால் இந்த இழையே எதற்கு ஐயா?

நீலத்திரை
நான் யோசனை கேட்கவில்லை, அனுபவம்தான் கேட்டேன். சரி, 678-ஐப் பார்த்துத் திருத்திவிட்டேன், ஐந்து நிமிட வேலை. அங்கே திரை 60 ஹெர்ட்ஸ் (இங்கே 50) என்பதால் பாம்பு இன்னும் ஐந்தில் ஒரு பங்கு வேகமாக ஓடும். ஃபைலை அனுப்பிப் பத்து நாளாகிறது. மச்சான் மெஷினை மறுபடி பரணில் ஏற்றிவிட்டாராம்.